வரவில்லை என்று ஒரு பொத்தான்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்காமல் இருக்கிறேன். இனியும் எடுக்கப் போவதில்லை. போனில் நாம் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ பதிலுக்கு மூன்று சொல்வாய். நான் கத்துவேன். உன் வீட்டுக்காரி போனைப் பிடுங்கி, "அண்ணி, அப்புறம் பேசலாம், அவருக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்பாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தையலம்மாவை நீ போன வெள்ளிக்கிழமை உன் கவுன்ட்டரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டாய்.

அவர் யார் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. போன முறை நீ வந்தபோது உன் பேன்ட் இடுப்பைப் பிரித்துவிட்டுக் கொடுத்தவர். "தம்பிக்கு வயசாகல டீச்சர், துணிதான் சுருங்கிருக்கு" என்று சொன்னாரே, அவர்தான். அவருடைய ஒரே மகள் கடல் தாண்டி ஓர் ஊரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கப்பலில். மகளுக்குப் பிரசவம். அம்மா போய்ச் சேர வேண்டும். உங்கள் கம்பெனி விமானம்தான் இருப்பதிலேயே விலை குறைவு என்று எத்தனையோ மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். கொரோனா ஊசி போடாதவர்களை ஏற்ற மாட்டோம் என்ற விதியை நீங்கள் அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தீர்கள். பணம் வாங்கும்போது இல்லாத விதி.

பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதால் அவர் ஒரு மேல்கோட்டுத் தைத்தார். உள்பக்கம் முழுவதும் பைகள். பிள்ளைக்குத் தைத்த சட்டைகள், துண்டுகள், குல்லாய்கள், எல்லாவற்றையும் அதற்குள் திணித்துப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையணைக்குக் கை கால் முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். "விதி மாறியிருக்காமே, விடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டார். "என் தம்பி அங்கேதான் கவுன்ட்டர்ல இருக்கான். டீச்சர் வீட்டு மாடின்னு சொல்லுங்க, போதும்" என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பினவள் நான்.

மறுநாள் அதே கோட்டோடு திரும்பி வந்தார். கழற்றி மடித்து வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கையையோ தைத்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை. மயக்கம் தெளிந்தபோது தண்ணீர் கொடுத்தது பக்கத்துப் படுக்கைக்காரியின் அம்மாவாம்.

உன்னைப் பற்றி அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "தம்பி தன்மையாத்தான் பேசினாரு டீச்சர்" என்றார். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

என்ன நடந்தது என்று உன் கையால் எழுது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. கையெழுத்துக்கு மார்க் போடாதே.

நடந்தது இதுதான். விமானம் வந்து இறங்கினால் அரை மணிக்குள் அது மறுபடி கிளம்ப வேண்டும். தரையில் நிற்கிற விமானம் சம்பாதிக்காது என்பது எங்கள் மேனேஜரின் வேத வாக்கு. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டாப்வாட்ச். கவுன்ட்டரில் பெட்டி நிறுக்கிறவர்களேதான் ஓடிப்போய் வாசலில் சீட்டுக் கிழிக்கிறோம். ஆள் குறைந்தால் உள்ளே ஏறிக் குப்பையும் பொறுக்குகிறோம். குறைந்த விலை டிக்கெட் எப்படிக் கிடைக்கிறது என்று நினைத்தாய்? அந்த அவசரத்தில்தான் உன் தையலம்மா வந்து நின்றார்.

"ஊசி போட்ட சான்றிதழ் குடுங்கம்மா" என்றேன்.

"இல்லப்பா. டீச்சர் தம்பிதானே நீங்க?"

"ஆமாம்மா."

"நீங்க இருப்பீங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

"இருக்கேம்மா. ஆனா சிஸ்டம் விடாது."

"சிஸ்டம்னா யாரு, உங்க மேனேஜரா? நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

பின்னால் வரிசை வளைந்து வாசல் வரை நின்றது. ஒருவன், "பாட்டிம்மா, வழி விடுங்க, எங்களுக்கும் ஊர் இருக்கு" என்று கத்தினான். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இப்போது என் பக்கத்தைக் கேள். விமானத்துக்குள் ஏறிப் பார்த்திருக்கிறாயா? முழங்கால் முன் சீட்டில் இடிக்கும். பக்கத்து ஆள் கொட்டாவி விட்டால் உன் முகத்தில் படும். அப்படி நெருக்கித்தான் உட்கார வைக்கிறோம். பெட்டி அண்ணனை உனக்கு நினைவிருக்கும். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, கடைசி வரை பெட்டி ஏற்றிக்கொண்டே இருந்தவர். ஊசி வருவதற்கு முன்னாலேயே கொரோனா அவரைக் கொண்டு போயிற்று. அவர் சம்சாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஊசி வந்ததும் நான் வரிசையில் போய் நின்றபோது அவருக்கும் சேர்த்துத்தான் நின்றேன். கிடைக்காமல் செத்தவன் ஒருவன், கிடைத்தும் வேண்டாம் என்கிறவர் இன்னொருவர். இரண்டாவது ஆளுக்காக நான் ஏன் விதியை வளைக்க வேண்டும்?

இருந்தாலும் உன் முகத்துக்காக ஒன்று செய்தேன். ஆளைத் திருப்பி அனுப்பினால் கணினியில் இரண்டு பொத்தான். 'மறுக்கப்பட்டது' என்று ஒன்று. அதை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும், மேனேஜர் ஒப்புதல் வேண்டும், அந்த ஆளின் பெயரில் ஒரு குறியும் விழும். மற்றொன்று, 'வரவில்லை'. கவுன்ட்டர் மூடுவதற்குள் ஆள் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஊசி விஷயத்தில் எல்லோருக்கும் அதையே அழுத்தச் சொல்லி ஸ்டாப்வாட்ச் உத்தரவு. தையலம்மாவுக்கும் 'வரவில்லை' என்றுதான் போட்டேன். அவர் பெயர் சுத்தமாக இருக்கிறது.

கோபம் தணிந்ததா?

தம்பி

&nbsp;

பிப்ரவரி 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடைசிப் பத்திக்கு முன்னால் வரை படித்தபோது உண்மையிலேயே கோபம் பாதி இறங்கியிருந்தது. பெட்டி அண்ணனைப் பற்றி நீ எழுதியது நியாயம். அந்த மனிதர் ஒரு முறை நம் வீட்டுப் பீரோவைத் தனியாளாகத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனது என் கண்ணில் நிற்கிறது. ஊசி வேண்டாம் என்று நான் எந்த நாளும் சொன்னவள் இல்லை. வரிசை திறந்ததும் போட்டுக்கொண்டேன். மறுபடி போடச் சொன்னபோதும் போட்டுக்கொண்டேன்.

பிறகு கடைசிப் பத்திக்கு வந்தேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் காலையில் வருகை எடுத்தவள். அதனால் உனக்குப் பொத்தானாகத் தெரிவது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். எங்கள் பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் வந்தார். சீருடை இல்லாமல் வந்தால் வெளியே நிறுத்துங்கள் என்றார். சரி, நிறுத்தினோம். அடுத்து, வெளியே நிற்கிற பிள்ளைகளுக்கு 'வரவில்லை' என்று போடுங்கள் என்றார். நான் போட மாட்டேன் என்றேன். "என்ன டீச்சர், ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். எப்படி ஒன்றாகும்? வந்தான், நாம் நிறுத்தினோம் என்று போட்டால், ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் என்றைக்காவது கேட்பார். வரவில்லை என்று போட்டால் பழி பிள்ளை மேல் போய் விழுகிறது. வெயிலில் நிற்கிறவன் பள்ளிக்கு வராத சோம்பேறி ஆகிவிடுகிறான்.

அவர் பெயர் சுத்தமாக இருக்கிறது என்கிறாய். சுத்தமாக இருப்பது கம்பெனியின் பெயர். இதுவரை உங்கள் கம்பெனி ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. அப்படித்தானே அர்த்தம்? எத்தனை பேர் அழுதுகொண்டு திரும்பினாலும் கணினியைக் கேட்டால், அவர்கள் எல்லாம் நேரத்துக்கு வராதவர்கள்.

தையலம்மா ஏன் ஊசி போடவில்லை என்று நீ கேட்கவில்லை. உனக்கு நேரமும் இல்லை. அவர் கணவர் ஊசி போட்ட வாரத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ரத்தக்குழாய் பல வருஷமாக அடைத்திருந்தது என்று டாக்டர் சொன்னார். நானும் டாக்டர் சொன்னதைத்தான் நம்புகிறேன். அவருக்கு எடுத்தும் சொன்னேன். "புத்திக்குப் புரியுது டீச்சர், கையை நீட்டத்தான் முடியல" என்கிறார். தண்ணீரைக் கண்டு பயந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கரையில் கூடவே உட்கார்ந்தால் ஒரு நாள் தானாகவே காலை நனைக்கும். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் சாகும் வரை குளத்துப் பக்கம் போகாது.

இன்னொன்று. அதே ஊருக்கு வேறு கம்பெனி விமானங்களும் போகின்றன. அங்கே ஊசி போடாதவர்கள் நோய் இல்லை என்ற பரிசோதனைச் சீட்டைக் காட்டினால் போதும், ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த டிக்கெட்டை வாங்கத் தையலம்மா ஒரு வருஷம் தைக்க வேண்டும். ஆக, ஊசி போடாத பணக்காரர் கால் நீட்டிப் பறக்கிறார். ஊசி போடாத தையல்காரி பஸ்ஸில் திரும்பி வருகிறார். இது நோயைத் தடுக்கிற விதியா, ஆளைப் பிரிக்கிற விதியா? நீயும் சீட்டு கேள், முகக்கவசம் போடச் சொல். நான் உன் பக்கம் நிற்கிறேன். கதவை மட்டும் சாத்தாதே.

விமானப் பயணிகள் குறை கேட்கும் வாரியம் ஒன்று இருக்கிறதாம். தையலம்மாவும் நானும் மனு எழுதிப் போட்டுவிட்டோம். உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

அக்கா

&nbsp;

மார்ச் 3

அக்கா,

உன் மனு வந்து சேர்ந்துவிட்டது. சந்தோஷமா?

ஸ்டாப்வாட்ச் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டர் கவுன்ட்டராக வந்தார். "யாருய்யா இந்த ரிட்டயர்டு டீச்சர்? இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கு. உதாரணம் வேற குடுத்திருக்கு. இங்க யாருக்காவது வேண்டியவங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

ஆமாம், சொன்னேன். மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

எனக்கு ஏப்ரலில் ஷிஃப்ட் பொறுப்பு தருவதாகப் பேச்சு. பெரியவள் விடுதியில் படிக்கிறாள். என் வீட்டுக்காரியின் கடையில் வியாபாரம் எப்படி என்று உனக்குத் தெரியும். உனக்கு ஓய்வூதியம் வருகிறது. கொள்கை பேசலாம். எனக்குச் சம்பளம் அந்தக் கவுன்ட்டரில் இருக்கிறது.

கம்பெனி வக்கீல் வாரியத்துக்குப் பதில் அனுப்பியாயிற்று. நீயும் தெரிந்துகொள்: "மனுதாரர் கவுன்ட்டர் மூடும் நேரத்துக்குள் வரவில்லை. ஊசி காரணமாக எவரும் எங்கள் விமானத்தில் மறுக்கப்படவில்லை." அவ்வளவுதான். கேமராப் பதிவு எல்லாம் சில நாளில் அழிந்துவிடும். நீ எத்தனை பக்கம் எழுதினாலும் கணினி சொல்வதைத்தான் நம்புவார்கள்.

ஊசி போட்டவள் நீ. உன்னை யாரும் எங்கேயும் நிறுத்தவில்லை. உனக்கு எதற்கு இந்த வம்பு? தயவுசெய்து எனக்கு வகுப்பு எடுக்காதே. நான் உன் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு ஐம்பது வயது.

விட்டுவிடு.

தம்பி

&nbsp;

மார்ச் 8

தம்பிக்கு,

வகுப்பு எடுக்கவில்லை. உதாரணமும் இல்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

இருபதாம் தேதி காலை உங்கள் விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். தையலம்மாவின் மகளும் குழந்தையும் இருக்கும் அதே ஊருக்கு. இருப்பதிலேயே விலை குறைந்த, திரும்பக் கொடுக்க முடியாத டிக்கெட். நேரத்துக்கு முன்னாலேயே வந்து உன் கவுன்ட்டர் வரிசையில் நிற்பேன். என் கைப்பையில் ஊசிச் சான்றிதழ் இருக்கும். காட்ட மாட்டேன். பரிசோதனைச் சீட்டுக் காட்டுவேன். அது போதும் என்று நீ சொன்னால் ஏறிப் போய், பிள்ளையைப் பார்த்துவிட்டு, தையலம்மா கொடுக்கும் சட்டைகளைக் கொடுத்துவிட்டு வருவேன். போதாது என்றால் திரும்பி வருவேன். எந்தப் பொத்தானை அழுத்துகிறாய் என்று பார்த்துவிட்டு.

என்னை யாரும் நிறுத்தவில்லை என்றாய். சரிதான். நிறுத்தப்படாதவர்கள் பேசாமல் இருந்தால், நிறுத்தப்பட்டவர்கள் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்? அவர்களுக்குப் பெயரே 'வரவில்லை' தானே?

அன்றைக்கு லீவு போட்டு ஓடிவிடாதே. வேறு ஆள் இருந்தால் அவருக்கு இது எளிது. உனக்கு எளிதாக இருக்காது. அதற்காகத்தான் உன் கவுன்ட்டர்.

என்னைத் தெரியாது என்று சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. அதை எனக்கு எழுதியிருக்கிறாய். எழுதாமல் விட்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 13

அக்கா,

வராதே.

வந்தால் எல்லோரையும் போலத்தான் நடத்துவேன். ஸ்டாப்வாட்ச் பக்கத்திலேயே நிற்பார். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே. பஸ் ஏறி வீட்டுக்கு வா, ஒரு மாதம் இரு, நாள் பூராவும் திட்டு. கவுன்ட்டருக்கு மட்டும் வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன்.

லீவு கேட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

தம்பி

&nbsp;

மார்ச் 28

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். திரும்பி வந்த மூன்றாம் நாள் காய்ச்சல் ஆரம்பித்தது. பரிசோதனை செய்தார்கள், கொரோனாதான். பயப்படாதே. மூச்சு நன்றாக இருக்கிறது. ஊசி போட்டிருந்ததால் இந்த அளவில் நிற்கிறது என்றார் டாக்டர். அவர் சொல்வதற்கு முன்னாலேயே நானும் அதைத்தான் நினைத்தேன். தையலம்மா வேளாவேளைக்குத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, படியில் இறங்கி நின்று, "டீச்சர், சாப்பாடு!" என்று குரல் கொடுக்கிறார். ஊசி போடாதவருக்கு என்னிடமிருந்து ஒட்டிவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை. கிட்டே வராதீர்கள் என்று நான் உள்ளேயிருந்து கத்துகிறேன், அவர் வெளியேயிருந்து, "நீங்க கத்தாதீங்க, இருமல் வரும்" என்று கத்துகிறார்.

நோய் விஷயத்தில் நீ சொன்னது சரி. இது விளையாட்டு நோய் இல்லை. எங்கே பிடித்தது என்று தெரியவில்லை. பஸ்ஸிலா, உன் வரிசையிலா? உன் வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் இருமியவர்கள் எல்லோரும் சான்றிதழ் காட்டி விமானம் ஏறிவிட்டார்கள். நோய் இல்லை என்று பரிசோதனைச் சீட்டு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். இதை உன்மேல் கல் எறிவதற்காக எழுதவில்லை. யோசித்துப் பார்க்க எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இருந்தேன். முடியவில்லை. "சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்டாய். என்னை அம்மா என்றாய், அக்கா என்று சொல்லவில்லை. "இருக்கு, காட்ட மாட்டேன்" என்றேன். உன் மேனேஜர், "என்னம்மா, வச்சுக்கிட்டே வம்பு பண்றீங்களா?" என்றார். "வச்சுக்காதவங்களுக்காகத்தான் சார்" என்றேன். நீ திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் விரல் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்த்தேன். அதன் பிறகு, "அடுத்தவங்க வாங்க" என்றாய். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த உன் குரல் இல்லை.

ஆக நானும் வரவில்லை. அதையும் எழுதி மனுவோடு சேர்க்கச் சொல்லி வாரியத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி வாரியத்தில் விசாரணை, உங்கள் ஊரில். நோட்டீஸ் வந்திருக்கிறது. டாக்டர் என்னைப் பயணம் போக விடவில்லை. தையலம்மா தனியாக வருகிறார். கம்பெனி தரப்பில் கவுன்ட்டர் ஊழியர் ஆஜராவார் என்று போட்டிருக்கிறது. அது நீதான் என்று எனக்குச் சொல்ல யாரும் தேவையில்லை.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று எழுத இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இரண்டு காகிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். உன் பெண்ணின் விடுதி, உன் வேலை, இதெல்லாம் இல்லாதது போல நான் எழுதினால் அதுவும் ஒரு 'வரவில்லை' தான். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. என்ன சொன்னாலும் நீ என் தம்பி. ஆனால் நான் மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். இங்கே தோற்றால் மேலே போவேன். என்னைப் போலச் சான்றிதழைக் காட்டாமல் வரிசையில் நிற்க, ஊசி போட்டவர்கள் நான்கு பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோரும் உங்கள் கவுன்ட்டருக்குத்தான் வருவார்கள். நாங்கள் வந்துகொண்டே இருப்போம்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது என்று தையலம்மா சொன்னார். இருமல் இருக்கும்போது வெளியே சுற்றாதே.

முதலில் முடிந்துபோனதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாமாம். ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்க்கவே இல்லை, கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி கடைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். "உங்க அக்காவும் நீங்களும் ஒரே அச்சு. அவங்க மூணு பக்கம் எழுதுவாங்க, நீங்க மூணு மாசம் கழிச்சுச் செய்வீங்க" என்றாள். பிறகு, "நாளையில இருந்து கடைக்கு வாங்க, மூட்டை இறக்க ஆள் இல்ல" என்றாள். விளக்கக் கடிதத்தை நானே எழுதப் போகிறேன். வேலையைத் தானாக விட மாட்டேன். அவர்கள் அனுப்பினால் அனுப்பட்டும், என்ன காரணம் என்று எழுதி அனுப்பட்டும்.

வாரியம் முழுத் தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை. அது வரைக்கும் பரிசோதனைச் சீட்டு உள்ளவர்களை ஏற்ற வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு போட்டிருக்கிறது. தையலம்மாவிடம் டிக்கெட்டுக்குப் பார்க்கச் சொல்.

இப்போது நேற்று நடந்தது.

நான் போனபோது அவர் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவார் என்று நினைத்தேன். நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க தம்பி. டீச்சருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்றார். "பேத்தி எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "சிரிக்கிறாளாம். போன்ல காட்டுறாங்க. நான் பாக்கறப்ப மட்டும் தூங்கிடறா" என்றார்.

கம்பெனி வக்கீல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ரொம்ப சிம்பிள். நேரத்துக்கு வந்தாங்களான்னு கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை முகம் பாக்கறீங்க! ஞாபகம் இல்லங்கறது பொய்யே ஆகாது" என்றார். நல்ல மனிதர்தான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாதான் தலைவர். வக்கீல் கணினிக் காகிதத்தைக் கொடுத்து, முதல் மனுதாரர் வரவில்லை, இரண்டாம் மனுதாரரும் வரவில்லை என்று படித்தார். தையலம்மாவைக் கேட்டார்கள். "வந்தேங்க. இந்தத் தம்பிதான் இருந்தாரு" என்றார். வக்கீல், "ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார். தையலம்மா என்னைப் பார்க்கவில்லை, அக்கா. அவர் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மடியில் கைகளை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார், தப்பு செய்த மாதிரி. வராதவர் மாதிரி.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க இந்த விதிக்கு எதிரானவரா?" என்று தலைவர் அம்மா கேட்டார்.

"இல்ல மேடம். எல்லாரும் ஊசி போட்டுக்கணும். இந்த அம்மாவும் போட்டுக்கணும். என் கூட வேலை பாத்தவர் ஒருத்தர் அது கிடைக்காம செத்தாரு. எங்க அக்காவோட எனக்கு இதுலதான் சண்டை."

"அக்காவா? எந்த அக்கா?"

"ரெண்டாவது மனுதாரர் மேடம். என் கூடப் பிறந்தவங்க."

வக்கீலின் பேனா நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். "உடன்பிறந்தவர் சாட்சி செல்லாது" என்று வக்கீல் எழுந்தார். தலைவர் அம்மா அவரை உட்காரச் சொன்னார். "கூட்டிட்டு வந்தது நீங்கதானே?" என்றார்.

"சரி, சொல்லுங்க. இவங்க ரெண்டு பேரும் அவங்கவங்க பயண நாள்ல நேரத்துக்கு வரலியா?"

ஞாபகம் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, உண்மையாகச் சொல்கிறேன். பெரியவளின் விடுதி கண்ணில் வந்தது. அப்புறம் பொத்தான் வந்தது. நான் நம்புகிற விதியாக இருந்தால் அதை ஏன் ஒளித்துவைத்துச் செய்தேன்? நோய்க்காகத் தடுத்தேன் என்றால், தடுத்தேன் என்று ஏன் என்னால் போட முடியவில்லை? உன் உதாரணம் எதுவும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. என் விரல்தான் நினைவுக்கு வந்தது.

"வந்தாங்க மேடம்" என்றேன். "ரெண்டு பேரும் நேரத்துக்கு முன்னாடியே வந்தாங்க. இவங்க மட்டும் இல்ல, இன்னும் நிறையப் பேர் வந்தாங்க. நான்தான் திருப்பி அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டு, வரலைன்னு போட்டேன். அப்படித்தான் போடச் சொல்லியிருக்காங்க."

ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். முன்னால் அடித்ததையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அப்ப வந்தாங்கன்னு போட்டுடவா?" என்று என்னைக் கேட்டார்.

"வந்தாங்கன்னு போடுங்க" என்றேன்.

தம்பி